மஹ்மூதின் வெப்லி

சவூதியின் அல் கோபாரில் ஆகஸ்ட் மாதம் வாசலைத் தாண்டினால் மூக்குக் கண்ணாடி வேர்த்துவிடும். கடலிலிருந்து ஏறி வரும் உப்புப் புழுக்கம் புது ஏசி மெஷினையே அரித்து ஓட்டையாக்கிவிடுகிறது. நூறு வருஷத்து இரும்பை அது விட்டுவைக்குமா? அதனால் மஹ்மூதின் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் அஸர் தொழுகை முடிந்ததும் துப்பாக்கிகளுக்கு எண்ணெய் போடுவார்கள்.

மஹ்மூது எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பதைத் தொட்டிருந்தார். மனைவி இறந்த பிறகும் ஊரின் ராக்கா பகுதியில் இருந்த பெரிய வீட்டை விட்டு நகர மறுத்துவிட்டார். மகன் தலால் இரண்டு தெரு தள்ளிக் குடும்பத்தோடு இருந்தான். கிழவரோடு வீட்டில் இருந்தவர்கள் டிரைவர் பாலகுருவும் சமையல் செய்யும் அவன் மனைவி பானுப்பிரியாவும்தான். இருவரும் சங்கரன்கோவில் பக்கம். பாலகுரு ஜுபைலில் சாரம் கட்டும் வேலைக்கு வந்து, கேம்ப் சோறும் வெயிலும் வெறுத்துப்போய், லைசென்ஸ் எடுத்து வீட்டு டிரைவர் ஆனவன். பானு பின்னால் வந்தாள். வீட்டின் பின்பக்கம் சுற்றுச்சுவரை ஒட்டி அவர்களுக்கு ஓர் அறை இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாலகுரு துப்பாக்கிகள் இருந்த இரும்பு அலமாரியின் பக்கமே போகமாட்டான். அவன் ஊரில் துப்பாக்கி என்றால் போலீஸ். இங்கேயோ ஒரு கிழவர் பாய் விரித்து, வெள்ளைத் துணி போட்டு, அதன்மேல் கைத்துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் பிள்ளையைக் கிடத்துவதுபோல் கிடத்துவார். எல்லாம் பழையவை, யார் யாரோ வைத்திருந்தவை. எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் உண்டு. தோட்டா ஒன்றுகூட வீட்டில் கிடையாது. மரப்பெட்டியையே உறையாகக் கொண்ட ஜெர்மன் மௌசர், பிடியில் வெள்ளி வேலைப்பாடு செய்த துருக்கிக் கைத்துப்பாக்கி, உள்ளங்கையில் மறைந்துவிடும் பெல்ஜியக் குட்டித் துப்பாக்கி, இங்கிலீஷ் பட்டாளத்து வெப்லி என்று ஒரு வரிசை.

"புதுசு வாங்கினா என்ன இருக்கு அதுல? கடைக்காரனோட விரல்ரேகைதான் இருக்கும்" என்பார் மஹ்மூது. அவர்கள் பேசிக்கொள்வது பாதி அரபியிலும் பாதி இந்தியிலும். பெல்ஜியத் துப்பாக்கியைப் பாலகுருவின் கையில் கொடுத்து, "இந்த இடத்தைத் தடவிப் பாரு. இங்க மட்டும் முலாம் போயிருக்கு. எவனோ பாக்கெட்டுக்குள்ள கையை விட்டு இதைத் தடவிக்கிட்டே காலம் தள்ளியிருக்கான். பயந்தவன். சுட்டிருக்கவே மாட்டான்" என்பார்.

போகப் போகப் பாலகுருவுக்கும் அது பிடித்துப்போனது. ஏன் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. கையில் ஏறும் கனம், சிலிண்டர் உருளும்போது வரும் டிக் டிக், பழைய பனியன் துணியில் இறங்கும் எண்ணெய் வாசம், எல்லாமே பிடித்தது. பல் துலக்கும் பிரஷால் திருகுகளின் இடுக்கில் இருக்கும் அழுக்கை எடுத்துக்கொண்டே இரண்டு பேரும் பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை வரைக்கும் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். மஹ்மூது வரிசையைப் பார்த்தார். அலமாரிக்குள் தேடிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தார்.

"வெப்லி எங்க?"

பாலகுரு சிரித்தான். கிழவர் விளையாடுகிறார் என்று நினைத்தான்.

"என்ன சிரிக்கிற? வெப்லி எங்கன்னு கேட்டேன்."

பாலகுரு நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தில் விளையாட்டு இல்லை. கண்கள் துணியின் காலியான இடத்திலேயே நின்றன.

"பாபா, குளிர் காலத்துல ஒருநாள் நாம..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "நல்லா யோசிச்சுப் பாருங்க பாபா."

"நான் யோசிக்கணுமா?" மஹ்மூது எழுந்தார். வயதுக்கு மீறிய வேகம். "சாவி என்கிட்ட இருக்கு. நான் தூங்கும்போது சாவி எங்க இருக்கும்னு உனக்குத் தெரியும். இந்த வீட்டுல வேற யாருக்குத் தெரியும்?"

"பாபா..."

"ஹராமி" என்றார் மஹ்மூது.

அரபு நாட்டுக்கு வந்த எவனுக்கும் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடுகிற சொல் அது. திருடன். பாலகுரு ஜுபைல் கேம்பில் அதை யார் யாரையோ பார்த்துச் சொல்லக் கேட்டிருக்கிறான். அவனைப் பார்த்து யாரும் சொன்னதில்லை.

தலால் வந்தான். அலமாரியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், பாலகுருவைப் பார்த்தான். கத்துகிற ஆள் இல்லை அவன்.

"நீ எடுத்தியா?"

"இல்ல."

"எங்க இருக்குன்னு தெரியுமா?"

பாலகுரு பதில் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சும்மா நின்றது அவனைக் குற்றவாளியாக்கியது. தலால் கார்ச் சாவியை வாங்கிக்கொண்டான்.

"இது கைக்கடிகாரம் இல்ல, பாலா. துப்பாக்கி. காணோம்னா நான் போலீஸ்ல சொல்லியே ஆகணும். ஞாயித்துக்கிழமை சொல்லுவேன். அதுக்குள்ள யோசி."

பின்கட்டு அறையில் பானு ஹமூர் மீனைப் புளி ஊற்றிக் குழம்பு வைத்திருந்தாள். கேஸ் அடுப்பும் கட்டிலும் ஒரே அறைக்குள் இருந்ததால் போர்வையில்கூட மீன் வாசம் அடித்தது. பாலகுரு தட்டைத் தொடவில்லை.

"என்னத்துக்கு வாயை மூடிக்கிட்டு நின்னிய?" என்றாள் பானு. "அங்கன சமையக்கட்டுல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஹுஃபூஃப்ல இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான?"

"சொல்ல முடியாதுளா."

"ஏன் முடியாது?"

"சத்தியம் வாங்கிட்டாருல்லா. அன்னிக்குக் காருல வரும்போதே சொன்னாரு, தலாலுக்குத் தெரியக் கூடாதுன்னு. பேப்பரு மாத்தாம இன்னொருத்தருக்குத் துப்பாக்கி குடுக்கது தப்பு. தெரிஞ்சா அவருக்கும் கேசு, வாங்கிக்கிட்ட அந்தப் பெரியவருக்கும் கேசு."

"வாங்கிக்கிட்ட பெரியவரு கட்டில்ல கெடக்காரு. குடுத்தவருக்கு ஞாபகமே இல்ல. நடுவுல நீங்க ஜெயிலுக்குப் போவியளோ?"

பாலகுரு கைவிரல் நகத்தைப் பார்த்தான். எண்ணெய்க் கறுப்பு இன்னும் ஒட்டியிருந்தது.

போன குளிர் காலத்தில் நடந்தது அது. ஒருநாள் மஹ்மூது ஒரு பழைய தலைத்துணியில் வெப்லியைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஹுஃபூஃபுக்குக் காரை விடச் சொன்னார். அங்கே பேரீச்சந்தோப்பில் இருந்த அபூ ஸாலிஹ் அவரோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர். நெஞ்சில் நோய் வந்து படுத்துவிட்டிருந்தார். வெப்லியை முதலில் கண்டுபிடித்தவரே அவர்தான். வாலிப வயதில் இருவரும் பஹ்ரைனுக்குப் போயிருந்தபோது, பழைய சாமான் கடையில் பித்தளை விளக்குகளுக்கு அடியில் கிடந்ததை அபூ ஸாலிஹ் இழுத்துக் காட்டினார். பணத்தை முதலில் எடுத்து நீட்டியவர் மஹ்மூது. அன்றிலிருந்து ஒவ்வொரு பெருநாளுக்கும் அபூ ஸாலிஹ் அதைக் கேட்பார். இவர் மாட்டேன் என்பார். கடைசியில் நண்பனின் கட்டிலருகே தானே கொண்டுபோய் வைத்தார். திரும்பி வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பாலகுரு கண்ணாடியில் பார்த்தான்.

"கேசுகூடப் பரவாயில்லன்னு வையி" என்றான் பாலகுரு. "போன மாசம் பள்ளிவாசல்லருந்து வழி தெரியாம எங்கியோ போயிட்டாருல்லா, அன்னிக்கு தலால் என்ன சொன்னாரு? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அலமாரியையும் எடுத்துருவேன், உங்களையும் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்னு சொல்லலையா? நான் வாயைத் தொறந்தா அதான் நடக்கும். அதை எடுத்துட்டா அவருக்கு வேற என்ன இருக்கு?"

"உங்களுக்கு என்ன இருக்கு? அதைச் சொல்லுங்க மொதல்ல." பானுவின் குரல் உடைந்தது. "உங்களை ஹராமின்னாரு. கூடவே உக்காந்து தொடைச்சுக் குடுத்த மனுசனைப் பாத்து ஹராமின்னாரு. அவருக்காகப் பாக்குதியளோ?"

"அவரு சொல்லலை. அந்த நோவு சொல்லுது."

"நோவுக்கு உங்க பேரு எப்படித் தெரியும்?"

பானு குழம்புச் சட்டியை மூடிவைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் தலால் அப்பாவைப் பார்க்க வந்தான். விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸ் அறைக்குக் கஹ்வாக் காபி கொண்டுபோன பானு தட்டை வைத்துவிட்டுத் திரும்பவில்லை. அவளுடைய அரபி பாலகுருவின் அரபியைவிட நன்றாக இருக்கும். தலால் வீட்டுப் பெண்களோடு பேசிப் பேசி வந்தது.

"சின்ன பாபா, துப்பாக்கி ஹுஃபூஃப்ல அபூ ஸாலிஹ் வீட்டுல இருக்கு. பெரிய பாபாதான் குடுத்தாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னதால பாலா சொல்லலை. என்னைச் சொல்லாதேன்னு யாரும் சொல்லலை" என்றாள்.

தலால் கஹ்வாவைக் குடிக்காமல் வெளியே போய்ப் போன் பேசினான். அபூ ஸாலிஹ் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: "உன் அப்பாவையும் கூட்டிட்டு வா."

பானு வந்து சொன்னபோது பாலகுரு திட்டவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு சட்டையை மாற்றினான். தலால் கார்ச் சாவியை அவன் கையில் கொடுத்தான். மூன்று பேரும் ஹுஃபூஃபுக்குப் புறப்பட்டார்கள்.

பின்சீட்டில் மஹ்மூது உற்சாகமாக இருந்தார். நேற்று நடந்தது அவர் மனதில் இருப்பதாகவே தெரியவில்லை. சாலையோரம் வேலிக்குப் பின்னால் நின்ற ஒட்டகங்களைப் பார்த்து எது கன்று போடும், எது போடாது என்று சொல்லிக்கொண்டு வந்தார். மணல் பறந்து தார்ச்சாலையின் குறுக்கே கோடு கோடாக ஓடியது.

தோப்பில் அறுவடைக் காலம். வங்காளத்து ஆட்கள் இடுப்பில் கயிறு கட்டி மரத்தின் உச்சியிலிருந்து குலைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அல் கோபாரின் பிசுபிசுப்பு இங்கே இல்லை. அனல் மட்டும் அடித்தது. அபூ ஸாலிஹ் கட்டிலில் தலையணைகளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். நண்பர்கள் இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டார்கள். பெரிய தட்டில் பாதி பழுத்து ஈரமாக இருந்த பேரீச்சம்பழம் வந்தது. கஹ்வா வந்தது. ஊர்க்கதை பேசினார்கள். பாலகுரு கதவோரம் நின்றான்.

பிறகு அபூ ஸாலிஹ் தலையணைக்குக் கீழே கைவிட்டு, துணியில் சுற்றிய பொருளை எடுத்து மஹ்மூதின் மடியில் வைத்தார். தலால் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மஹ்மூது துணியைப் பிரித்தார். கொஞ்ச நேரம் தொடவே இல்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். பிறகு வலக்கையில் எடுத்துக் கனம் பார்த்தார். கட்டைவிரலால் பக்கவாட்டுக் கொண்டியை அழுத்த, குழல் முன்பக்கம் மடிந்து துப்பாக்கி வாயைப் பிளந்தது. ஆறு அறைகளும் காலி என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மூடினார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"யா ஸலாம்! வெப்லி. இங்கிலீஷ்காரன் பட்டாளத்துச் சாமான்" என்றார். "எங்க பிடிச்ச இதை?"

பதிலுக்குக் காத்திராமல் மகன் பக்கம் திரும்பினார்.

"தலால், இங்க வந்து பாரு. குழல் நுனியில கறுப்பு போயிருக்கு பாத்தியா? தோல் உறையில போட்டுப் போட்டு எடுத்திருக்கான். பிடியில இந்தப் பக்கம்தான் அதிகம் தேஞ்சிருக்கு. அடியில வளையம் இருக்கே, அதுல கயிறு மாட்டிக் கழுத்துல போட்டுக்குவான். குதிரைமேல போறவனா இருக்கணும். இதோ, இந்தத் திருகு மட்டும் வேற. எவனோ துருப்பிடிச்ச திருகைக் கழட்டிட்டு வேற போட்டிருக்கான். இத்தனையும் தாண்டி வந்திருக்கு பாரு."

இதே வார்த்தைகளைப் பாலகுரு எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் கேட்டிருக்கிறான். ஆனால் இப்போது அவை முதன்முறையாகச் சொல்லப்பட்டன. சொன்னவரின் குரலில் ஒரு புதுப் பொருளைக் கண்டுபிடித்தவனின் நடுக்கம் இருந்தது. தலால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சொல்லு, என்ன விலை?" என்றார் மஹ்மூது.

அபூ ஸாலிஹ் மூச்சை இழுத்துக்கொண்டார். அவர் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. வாயோரத்தில் மட்டும் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது.

"விக்கிறதுக்கில்ல."

"எல்லாத்துக்கும் ஒரு விலை உண்டு."

"இதுக்கு இல்ல. இதைக் கேட்டு ஒருத்தன் பின்னாடி நான் பாதி ஆயுசு அலைஞ்சேன். தரவே மாட்டேன்னான். அப்புறம் அவனே கொண்டுவந்து குடுத்தான். அதை எப்படி விப்பேன்?"

"அவனே குடுத்தானா?" மஹ்மூது துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். "இதைக் கையில வச்சிருந்துட்டுக் குடுக்க மனசு வந்துச்சே. பெரிய மனுசன்தான்."

"பெரிய மனுசன்தான்" என்றார் அபூ ஸாலிஹ்.

திரும்பி வரும்போது மஹ்மூது பின்சீட்டில் தூங்கிவிட்டார். ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் தலால் வாயைத் திறந்தான்.

"அது அங்கேயே இருக்கட்டும். பேப்பரை அபூ ஸாலிஹ் பேருக்கு நானே மாத்திடறேன். மத்ததை நாளைக்கு என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். அப்பா இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்க."

பாலகுரு தலையாட்டினான்.

"முதல் நாளே நீ சொல்லியிருக்கலாம்."

"பாபா சொல்லக் கூடாதுன்னாரு."

கார் வெகுதூரம் போன பிறகு தலால், "நான் உன்னைக் கேட்டது தப்பு" என்றான். ஏசி சத்தத்தில் அது பாதிதான் கேட்டது. பாலகுரு சாலையைப் பார்த்தபடியே, "எனக்கு எக்ஸிட் வேணும். ஊருக்கே போயிடறேன்" என்றான்.

மறுநாள் அலமாரி காலியானது. தூக்கிக்கொண்டுபோய்க் காரில் வைத்தவன் பாலகுருதான். மௌசரைப் பெட்டியோடும் மற்றதைத் துணியில் சுற்றியும் கொடுத்தான். மஹ்மூது நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே போகிறது என்று கேட்கவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் கேட்கவில்லை.

"நல்லபடியாத்தான முடிஞ்சுது? இப்ப என்னத்துக்கு எக்ஸிட்டு?" என்றாள் பானு. அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சின்ன பாபாவே தப்புன்னுட்டாரு."

"தலால் என்னைத் திருடன்னு நெனச்சாரு. அது பரவாயில்ல. அவருக்கு நான் டிரைவரு."

"பெரிய பாபாவுக்குத்தான் எதுவுமே ஞாபகம் இல்லையே."

"அதான்ளா. ஹராமின்னு சொன்னது அவருக்கு மறந்துபோச்சு. எனக்கு மறக்கல. காலையில சிரிச்ச மொகத்தோட பாலான்னு கூப்பிடுதாரு. அந்த மொகத்தைப் பாக்கும்போதெல்லாம் அந்த வெள்ளிக்கிழமை மொகம்தான் தெரியுது. அவரைக் கேக்கவும் முடியாது, அவரு வருத்தப்படவும் முடியாது. இதை எங்கன கொண்டுபோய் வைக்க?"

பானு களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றினாள்.

"எனக்கும் சேத்துக் கேட்டியளா?"

"சேத்துத்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலை, என்ன?" அவள் குரலில் கோபம் இல்லை. "நான் வரல. நீங்க முன்னாடி போங்க. அந்த மனுசனுக்கு இன்னும் கொஞ்ச நாள்ல சோத்தை எடுத்து வாயில வைக்கவும் ஆளு வேணும். புதுசா வாரவ முறைச்சா அவருக்குப் பயம் வந்துரும். நான் இருந்துட்டு வாரேன்."

"அவரு உன் புருசனைத்தான் ஹராமின்னாரு."

"ஆமா. அன்னிக்கு ராத்திரி பூரா எனக்கு ஆத்திரம்தான். ஆனா என்னைச் சொல்லலைல்லா."

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இத்தனை வருஷம் கூட இருந்தவளிடம் இப்படி ஒரு கணக்கு இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து மஹ்மூதின் குரல் கேட்டது. "பாலா! யல்லா, பாலா!" அவன் உடனே எழவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்ட பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனான். கிழவர் வெளியே போகும் உடையில், தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"ஹுஃபூஃபுக்குப் போகணும். அபூ ஸாலிஹ்கிட்ட ஒரு வெப்லி இருக்கு. நீ பாத்தியே, கதவோரம் நின்னுக்கிட்டு இருந்தியே. அதை வாங்கணும்."

"அவரு விக்க மாட்டேன்னாரே பாபா."

"ஒருதடவை கேட்டா குடுப்பானா? கேட்டுக்கிட்டே இருக்கணும்."

எக்ஸிட் பேப்பர் கைக்கு வரும்வரை பாலகுரு வெள்ளிக்கிழமைதோறும் அவரை ஹுஃபூஃபுக்குக் கூட்டிப் போனான். ஒவ்வொரு தடவையும் மஹ்மூது துணியைப் பிரித்து, மடித்துத் திறந்து, மூடி, விலை கேட்டார். ஒவ்வொரு தடவையும் அபூ ஸாலிஹ் மாட்டேன் என்றார். மூச்சு ரொம்ப வாங்கிய நாட்களில் தலையை மட்டும் ஆட்டினார். திரும்பும் வழியெல்லாம் மஹ்மூது பின்சீட்டிலிருந்து, "கல்நெஞ்சுக்காரன், பாத்தியா அவனை?" என்று சந்தோஷமாகத் திட்டிக்கொண்டு வந்தார்.

"அடுத்த வாரம் கேப்போம் பாபா" என்றான் பாலகுரு.